தலைக்கா, பாலுக்கா?

உத்திரமேரூரில் ரகசியம் என்று ஒன்று உயிரோடு இருந்ததே இல்லை. காரணம், பஸ் ஸ்டாண்டில் பூ விற்ற மைக்செட்டு. பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. அவள் இங்கே "மல்லீ" என்றால் திருப்புலிவனத்தில் மாடு திரும்பிப் பார்க்கும்.

எழுபதுகளின் கடைசி. மானாம்பதி பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். தடை ஒன்றே ஒன்றுதான், என் மகன். இரண்டு வயது ஆகப் போகிறது, துரைக்கு இட்லி இறங்காது, கஞ்சி இறங்காது. மூன்று வேளையும் தாய்ப்பால், நடுவில் நொறுக்குத் தீனியும் அதுவே. பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துப் பூசிக்கொண்டேன். துரை வாய் வைத்தார், முகம் சுளித்தார், என் முந்தானையாலேயே துடைத்துவிட்டு மேலே தொடர்ந்தார்.

கடைசியில் மாமியார் அவனைக் கூரத்துக்கு, நாத்தனார் வீட்டுக்குத் தூக்கிப் போனார். எனக்கு மார் கல்லாகக் கட்டிக்கொண்டு காய்ச்சலே வந்துவிட்டது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். கணவரைப் பூ வாங்க அனுப்பினேன். அவர் தாலி கட்டிவிட்டு என்னிடம் "ஸாரி" சொன்ன கூச்சக்காரர்.

"இன்னா சார், தலைக்கா, பாலுக்கா?" என்றாள் மைக்செட்டு.

காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. "தலைக்கு" என்றார் இவர். கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் கட்டிய கதம்பம் வந்து சேர்ந்தது. முனகிக்கொண்டு கிடந்தவளிடம் அதை நீட்டி, "வெச்சுக்கோ" என்றார். வைத்துக்கொண்டு சினிமாவுக்கா போவது?

அரை மணியில் மைக்செட்டே கூடையோடு வந்து நின்றாள்.

"பொண்டாட்டிக்குப் பூ வாங்கற மூஞ்சியா அது? போலீஸ் டேசன்ல கையெழுத்துப் போட வந்தாப்புல நின்னுக்கினு இருந்தாரு. அப்பவே தெரிஞ்சிச்சு, வூட்ல பாலு கட்டிக்கினு கீதுன்னு."

இவரை வெளியே துரத்திவிட்டு, மல்லிகையை வைத்துப் பழைய புடவைத் துணியால் கட்டினாள். மூன்று நாளும் வந்து மாற்றினாள். பஸ் ஸ்டாண்டில் நிலவரமும் வாசித்தாள்: "டீச்சருக்கு இன்னிக்குப் பாதி கொறைஞ்சிடுச்சு!" கண்டக்டர்கூட அக்கறையாக விசாரித்தாராம். அதிலிருந்து இவர் வயல் வரப்பு வழியாகத்தான் ஆபீஸ் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் திரும்பி வந்தான். மடியில் ஏறி உட்கார்ந்து இட்லி கேட்டான். அவ்வளவுதான், வேறு எதையும் தேடவில்லை. நான் வேண்டிக்கொண்டதும் அதுதானே! ஆனாலும் மறுநாள் மானாம்பதி பஸ்ஸுக்கு நின்றபோது கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மைக்செட்டு என்னை நோக்கி வந்தாள். மிச்சமிருந்த மானமும் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"புள்ள மறந்துட்டானா?" என்று காதோரம் கேட்டாள். "நமக்குத்தாம்மா மறக்காது. எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சு. அழுவாத."

அவளிடம் அவ்வளவு சின்னக் குரல் இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு முழம் மல்லிகையை என் பின்னலில் செருகி, "இது தலைக்கு" என்றாள்.

நான் அழுததை மட்டும் அவள் ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை.