முட்டைப் பட்டைப் பரணி

வெல்க! தவளக்குப்பத்துச் சாலையோரம் இரண்டாயிரம் கோழிகள் கொக்கரிக்கும் கொட்டகைக்குக் காவல் பூண்டவளும், பத்தாம் வகுப்பைப் பாதியிலே துறந்த பெருந்துறவியும், விருந்தினர் செருப்போசை கேட்ட மாத்திரத்தில் தீவன மூட்டைகளின் பின்னே மறைந்தருளும் மாவீரத்தில் மண்ணுலகில் நிகரற்றவளுமாகிய மெரின் என்னும் நங்கை வெல்க! அவள் வாய்திறந்த நாள்கள் ஆண்டுக்குச் சிலவே. அவற்றுள் ஒன்றைப் பாடத் துணிந்தோம், பொறுத்தருள்க.

கூடுகளிலிருந்து உருளும் முட்டைகளை ஏந்திச் சென்ற பழைய சணல் பட்டை, முதுமையால் தளர்ந்து, நின்று நின்று நகர்ந்து, ஒருநாள் நட்டநடுவில் அறுந்து வீழ்ந்தது. வீழுமுன் அது விளைத்த கொடுமை பெரிது. முட்டையோடு முட்டை மோதிக் கீறல்கண்ட தட்டுகள் புதுச்சேரி நகரத்து ரொட்டிக்கடையை அடைய, கடைக்காரர் தொலைபேசியில் இடியென முழங்கினார்:

"லூர்துநாதன், இன்னொரு தட்டு ஒழுகி வந்துச்சுன்னா நான் நாமக்கல் முட்டைக்கே போயிடுவேன், ஆமா."

அந்தக் கடை போனால் பண்ணையும் போகும். மெரினின் தந்தையாகிய லூர்துநாதன், கோழிகளுக்குத் தீவனம் வைக்கவும் மறந்து நின்றார்.

தபசுகாலத்து வெள்ளிக்கிழமை முற்பகலில், நகரத்து உதிரிபாக வணிகர் ஜமால் பாய், ஸ்கூட்டர் என்னும் தேரேறி, இரு பட்டைச் சுருள்களை அம்பறாத்தூணியெனத் தோளில் தாங்கி வந்திறங்கினார். ஒன்று வழுவழுப் பிளாஸ்டிக். பாம்புரித்த சட்டைபோல் மினுங்குவது. மற்றொன்று துளைப் பட்டை. போர்க்களத்தில் அம்புகள் ஆயிரம் துளைத்த மார்புபோல் தோன்றுவது. லூர்துநாதனின் நெஞ்சம் மினுக்கத்திலேயே வீழ்ந்தது.

"காசு குடுத்து ஓட்டைய வாங்கறதா பாய்?"

"அந்த ஓட்டையிலதாண்ணே முட்டை ஒக்காரும். நம்பலன்னா உருட்டிப் பாத்துடுங்க."

"மெரினு! ஒரு தட்டு முட்டை எடுத்தா!"

அடுக்களை புகுந்த நங்கை திகைத்தாள். மேடைமேல் அட்டைத் தட்டுகள் இரண்டு, இரட்டைப் பிறவிகள்போல் வீற்றிருந்தன. எதை எடுப்பது? அத்தை பெர்னதெத்தோ, மாலைச் சிலுவைப் பாதை முடிந்து கோயிலில் கொடுக்கும் சிற்றுண்டி குறித்துக் கைப்பேசியில் யாரிடமோ பேருரை ஆற்றிக்கொண்டிருந்தாள். குறுக்கிட்டுக் கேட்பதா? கடலைக் கடைந்தாலும் கடையலாம்! கைக்கெட்டிய தட்டைக் கவர்ந்துகொண்டு நம் தலைவி களம் மீண்டாள்.

பட்டைகள் விரித்த பலகை சாய்க்கப்பட்டது. வழுவழுப் பட்டையில் இறங்கிய முட்டைகள், மதங்கொண்ட களிறுகள்போல் வழுக்கி, ஒன்றையொன்று முட்டி, சாலைவரை கேட்குமாறு "டக், டக்" என மோதின. ஆயினும் ஒரு சொட்டும் ஒழுகவில்லை! துளைப் பட்டையில் அவை துளைக்கொன்றாய் அமர்ந்தன, அங்கும் ஒழுகவில்லை.

"பாத்தியா பாய்! ரெண்டும் ஒண்ணுதான். மினுக்குறதுக்கே ஆர்டர் போடு."

ஜமால் பாய் உற்பத்திக் கம்பெனியை அழைத்தார். மணி ஒலித்தது. சிதறிய முட்டைகளைப் பொறுக்கக் குனிந்த மெரின், கீறலொன்றின் ஊடே, வழியாமல், அசையாமல், கெட்டியாய் வெளுத்திருந்த உண்மையைக் கண்டாள்.

ஐயகோ! அப்போது அவள் தொண்டைக்குள் மூண்ட போரை எந்தப் புலவன் பாடுவான்? சொல்லென்னும் படை நெஞ்சிலிருந்து புறப்பட்டது. நாணமென்னும் கோட்டை கதவடைத்தது. பண்ணை ஒருபுறம், அந்நிய மனிதர் மறுபுறம். நடுவே இரண்டாயிரம் கோழிகளின் எதிர்காலம் நாவின் நுனியில் ஊசலாடியது. மறுமுனையில் "ஹலோ" என்ற குரல் எழுந்த அக்கணம், கோட்டை தகர்ந்தது.

"அப்பா... அது அவிச்சது."

"என்னாது? சத்தமா சொல்லு."

"அவிச்ச முட்டைப்பா! அத்தை கோயிலுக்கு அவிச்சது!"

ஜமால் பாய் கைப்பேசியை அணைத்துவிட்டுப் பட்டைச் சுருள்மேலேயே அமர்ந்து சிரித்தார். "பதினாலு வருசமா பெல்ட் விக்கிறேண்ணே. அவிச்ச முட்டைய ஓட்டிப் பாத்த மொத பார்ட்டி நீங்கதான்!"

அடுக்களையிலிருந்து அத்தையின் சங்கநாதம் எழுந்தது: "அடிப் பாவி! கோயில் முட்டையவாடி உருட்டி வெளையாடுறீங்க? சாமியாருக்கு யாரு பதில் சொல்றது?"

பச்சை முட்டைகளோடு இரண்டாம் போர் மூண்டது. வழுவழுப் பட்டையில் இறங்கிய பத்தில் நான்கு உடைந்து, மஞ்சள் ஆறு பெருகி, லூர்துநாதனின் திருவடிகளை நனைத்தது. துளைப் பட்டையிலோ பத்தும் பத்தாகவே அமர்ந்து, அரியணை ஏறிய அரசர்போல் பொலிந்தன. காலைத் துடைத்துக்கொண்டே லூர்துநாதன் தீர்ப்பு வழங்கினார்:

"ஓட்டையே போடு பாய்."

வாகை சூடினாள் மெரின்! ரொட்டிக்கடை காத்த கொற்றவை, அவித்ததும் அவியாததும் பகுத்துணர்ந்த பேரறிவாட்டி, தந்தை முகத்தையும் வணிகர் முகத்தையும் ஒருசேர நிமிர்ந்து நோக்கி, பின் வழக்கம்போல் மூட்டைகளுக்குப் பின்னே எழுந்தருளினாள்.

பட்டை வந்துசேரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதுவரை எல்லா முட்டைகளையும் மெரின்தான் கையால் பொறுக்கினாள்.