டோங்காவுக்கு ஏறிய போதை

கிரீமைப் பூசி முடித்த பிறகுதான் வின்கோ டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தான். மூன்றாவது வரியில் இருந்தது: செட்டைல் ஆல்கஹால். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தான். ஆல்கஹாலேதான். அடுத்த வரியில் அதன் தம்பி மாதிரி ஸ்டியரைல் ஆல்கஹால்.

டப்பாவின் முன்பக்கத்தில் ஒரு குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. ஏன் சிரிக்கிறது என்பது அவனுக்கு இப்போது புரிந்துவிட்டது.

வின்கோ சரக்குக் கப்பலில் இரண்டாவது இன்ஜினியர். மகள் பிறந்தபோது நடுக்கடலில் இருந்தான். நான்கு மாதமாக அவளைப் போன் திரையில் தீப்பெட்டி அளவுக்குத்தான் பார்த்திருக்கிறான். நேற்று சொந்த ஊர் ஷிபெனிக் வந்து வீடு சேர்ந்தபோது மகள் டோங்கா தூங்கிவிட்டாள். "விளக்கைப் போட்டா முழிச்சுக்குவா. அப்புறம் நீதான் தாலாட்டணும்" என்று மனைவி நீவெஸ் மிரட்டியதால், இருட்டில் மூச்சுச் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான்.

காலையில் அடித்துப்போட்டதுபோல் கிடந்தவனை நீவெஸ் உலுக்கினாள். "கிளினிக்குக்குப் போறேன்... தடுப்பூசி... மாடிவீட்டு டுன்யாவோட... குழந்தையைப் பாத்துக்கோ..." என்று என்னென்னவோ சொன்னாள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே "ம்" சொன்னான். கதவு மூடிக்கொண்டது.

எழுந்து வந்தால், கூடத்துத் தொட்டிலில் குழந்தை கொட்டக்கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தது. குளிர்காற்றில் கன்னம் லேசாகக் காய்ந்திருந்தது. பக்கத்தில் கிரீம். அப்பா வேலையை அமர்க்களமாக ஆரம்பிக்கலாம் என்று முகம், கை, கால் எல்லாம் அள்ளி அப்பினான். இன்ஜினுக்குக் கிரீஸ் போட்டுப் பழகிய கை.

இப்போது குழந்தையை உற்றுப் பார்த்தான். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. நிமிர்த்தினால் மறுபக்கம் சரிந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது. விட்டத்தைப் பார்த்துக் கெக்கெக்கே என்று சிரித்தது.

"டோங்கா... அப்பா வந்திருக்கேன் செல்லம். அப்பாவைப் பாரு."

"ங்கா... பூ... ஃப்ர்ர்ர்" என்றது குழந்தை. சொன்ன கையோடு அவன் மூக்கைப் பிடித்து முறுக்கியது. பிறகு காரணமே இல்லாமல் அழுதது.

துறைமுகத்தில் இறங்கிப் போய்விட்டுத் திரும்பும் கப்பல் சமையல்காரன் இதே வரிசையில்தான் எல்லாம் செய்வான்.

போனை எடுத்துப் பழைய படங்களைப் பார்த்தான். அவற்றில் டோங்கா ஒல்லி. இங்கே முகம் உப்பிக் கிடந்தது. அவற்றில் தலை நிறைய முடி. இங்கே பாதி கூட இல்லை.

"வீக்கம்! முடி வேற கொட்டிடுச்சே!" என்று அலறினான்.

'உன்கிட்ட ஒரு மணி நேரம் விட்டா, பிள்ளை முழுசா இருக்குமா?' என்று நீவெஸ் நேற்றுதான் கேட்டிருந்தாள். மார்தட்டிச் சத்தியம் செய்திருந்தான்.

ஈரத் துடைப்பான் பையைக் கிழித்து, நாலைந்தை உருவி, கிரீமை வழித்துத் துடைத்தான். பெருமூச்சு விட்டுப் பையைத் திருப்பினான். பென்சைல் ஆல்கஹால்.

"இதுலயுமா!"

மீதி ஆல்கஹாலையும் எடுத்தாக வேண்டும். சமையலறைக்கு ஓடி ஆலிவ் எண்ணெயைக் கொண்டு வந்து தேய்த்தான். டயப்பரைக் கழற்றும் தைரியம் மட்டும் வரவில்லை. கழற்றினால் திரும்ப மாட்டத் தெரியாது. எண்ணெய் பட்ட குழந்தை உயிருள்ள மத்தி மீன் மாதிரி வழுக்கியது. ஒரு பக்கம் பிடித்தால் மறுபக்கம் நழுவியது. கடைசியில் மேஜை விரிப்பில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். குழந்தை ஊரைக் கூட்டியது.

எதிர்வீட்டு ஷிமே வந்து நின்றார். பழைய மாலுமி. கண்புரை ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"என்னடா, பன்னிக்குட்டியைக் கொல்றியா?"

"மாமா, கிரீம்ல ஆல்கஹால் இருக்கு! பொண்ணுக்கு ஏறிடுச்சு!"

"ஆல்கஹாலா? என்ன சரக்கு?" ஷிமே ஆவலாக டப்பாவைத் தடவி எடுத்து, ஒரு விரல் கிரீமை நாக்கில் வைத்தார். முகம் தொங்கிப்போயிற்று. "ச்சே, மெழுகுவத்தியைத் தின்ன மாதிரி இருக்கு. ஏமாத்துறானுங்க."

"இப்ப எண்ணெய் வேற தேய்ச்சுட்டேன் மாமா."

"எண்ணெய்க்கு ராக்கியாதான் சரி. வீட்டுலயே காய்ச்சின பழச்சாராயம். ரெண்டு சொட்டு உள்ளங்கால்ல தேய்ச்சா எல்லாம் சரியாயிடும்."

"மாமா! ஆல்கஹாலை எடுக்க ஆல்கஹாலா?"

"எங்கம்மா எனக்கு ஜுரம் வந்தப்பெல்லாம் தேய்ச்சா. எனக்கென்ன ஆச்சு?" என்று கேட்டபடியே தொட்டில் என்று நினைத்து நாற்காலியை ஆட்டினார் ஷிமே.

போனவர் பாட்டிலோடு வந்தார். வின்கோ ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறுகையால் தடுத்தான். இழுபறியில் மூடி தெறித்தது. குழந்தை மேல் படவில்லை. பாட்டிலில் இருந்ததெல்லாம் வின்கோவின் சட்டைக்குத்தான்.

இனி மருந்துக்கடைதான் கதி என்று கிரீம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடினான். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பஸ் ஓட்டுநர் கதவைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டு, மூடிக்கொண்டார். கடைக்குள் நுழைந்ததும் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள்.

கடைக்கார யாகோடா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"காலையிலயே ஊத்திக்கிட்டு பிள்ளையைத் தூக்கிட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

"நான் குடிக்கல அக்கா! குழந்தைதான்!"

ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வின்கோ மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினான். கேட்டு முடித்த யாகோடா டப்பாவை வாங்கிப் படித்துவிட்டு மேஜையில் வைத்தாள்.

"தம்பி, இது பேருக்குத்தான் ஆல்கஹால். கொழுப்புலேர்ந்து எடுக்கிற மெழுகு. தோலை மெத்துன்னு வச்சுக்கும், போதையெல்லாம் ஏறாது. துடைப்பான்ல இருக்கிறது கெட்டுப்போகாம இருக்கப் போடற துளி. சில பிள்ளைக்குச் சிவக்கலாம், அவ்வளவுதான். நிஜமாப் பயப்பட வேண்டியது உன் சட்டையில இருக்கே, அதுக்கு. ராக்கியா, ஸ்பிரிட்டு எதுவும் பிஞ்சுத் தோல்ல படவே கூடாது. உள்ள இழுத்துக்கும்."

"அப்போ தலை ஆடுதே?"

"இந்த வயசுல ஆடாம?"

"உளறுதே?"

"நாலு மாசப் பிள்ளை பிரசங்கமா பண்ணும்?"

"வீங்கியிருக்கே!"

"வீக்கமா? கொழுகொழுன்னு இருக்குடா. கண்ணு போடாதே."

வின்கோவுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷ அழுகை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவை முழுசாப் பாத்துடுங்க அக்கா. பொண்டாட்டி வந்தா நான் பதில் சொல்லணும்."

யாகோடா குழந்தையை மேஜையில் கிடத்தி, விரிப்பைப் பிரித்து, எண்ணெயைத் துடைத்தாள். கழுத்து, அக்குள், முதுகு எல்லாம் பார்த்தாள். எங்கும் ஒரு தடிப்பு இல்லை. கடைசியாக டயப்பரை அவிழ்த்தாள். அவள் கை அப்படியே நின்றது.

"உன் பிள்ளை பேர் என்ன சொன்ன?"

"டோங்கா. என் மகள் அக்கா. ஏன், ஆல்கஹால் அங்கேயும் ஏதாவது பண்ணிடுச்சா?"

யாகோடா டயப்பரை மெதுவாக மூடினாள்.

"தம்பி, ஆல்கஹால் தலையை ஆட்டும், நாக்கைக் குழற வைக்கும். பொண்ணைப் பையனா மாத்தாது."