நடுச்சுவர் வைத்த லேப்டாப்

"உங்கிட்ட லேப்டாப் இருக்கா?" என்று முதலாளி கொடியக்காவிடம் கேட்டார்.

எம்பிராய்டரி பட்டறையில் ஆறு வருஷமாக நூல் பிசிறு வெட்டுகிறவள் அவள். அந்த ஆறு வருஷத்தில் முதலாளி அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான். அதற்கு முன்பு அவர் சொன்னதெல்லாம் "கொஞ்சம் நகரும்மா" என்பது மட்டும். அதையும் அவளுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்வார்.

டிசைன் வரைகிறவர் திடீரென்று வேலையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. அன்று காலை முதலாளி ஒரு கழிவுத் துணியைப் பிரித்துப் பார்த்தார். அதில் சாக்கட்டியால் போட்ட ஒரு கொடி. இலைகள் காற்றில் திரும்பியிருந்தன. மொட்டு ஒன்று மட்டும் யாருக்கும் தெரியாமல் இலைக்கடியில் ஒளிந்திருந்தது.

"யாரு போட்டது இது?"

"நம்ம கொடியக்காதான் சார்" என்றாள் மெஷின் ஓட்டுகிற பெண். "சாப்பாட்டு நேரத்துல இதான் வேலை. அந்தப் பேரே அதனால வந்ததுதான்."

கொடியக்கா நூல் மூட்டைக்குப் பின்னால் போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் கேள்வி வந்துவிட்டது. கேள்விக்குப் பின்னால் காலி நாற்காலி தெரிந்தது. அவளுக்கு வாய் முந்திக்கொண்டது.

"இருக்கு சார்."

இல்லை. வீட்டில் இருந்ததிலேயே பெரிய இயந்திரம் மிக்ஸிதான்.

முதலாளியின் முகம் சுருங்கியது. "இருக்கா?" என்று இழுத்தார். "சரி. அடுத்த திங்கட்கிழமை பேசிக்கலாம்."

அந்த 'இருக்கா' அவளைச் சுட்டது. ஒன்பதாவதோடு நின்றவள் வீட்டில் லேப்டாப்பா என்று நினைத்துவிட்டார். நினைக்கட்டும். திங்கட்கிழமை அதை அவர் மேஜைமேல் வைத்துத் திறந்து காட்டினால்தான் ஆச்சு. அந்த நாற்காலியில் உட்காராமல் விடுவதில்லை என்று, பஸ் நிறுத்தம் வரை நடந்த பத்து நிமிஷத்தில் அவள் முடிவு செய்துவிட்டாள்.

கணவர் பஸ் டெப்போவில் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டதும் சட்டைக் கையை மடித்தார்.

"லேப்டாப்தானே? நீ கவலைப்படாதே. இரும்பு எதுவா இருந்தாலும் தட்டிப் பார்த்தே சொல்லிடுவேன்."

"அது இரும்பு இல்லீங்க."

"உள்ளுக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்."

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் சென்டரில் வேலை. "மாமா, முதல்ல ஆப்பரேட்டிங் சிஸ்டம் எதுன்னு முடிவு பண்ணணும். டிசைன் சாஃப்ட்வேர் எதுல ஓடுதோ, அதுக்கேத்த மாதிரி லேப்டாப் பாக்கணும்."

"போடா மச்சான். பஸ்ஸுக்கு இன்ஜின் முக்கியமா, உள்ள போடற பாட்டு முக்கியமா?"

"அது பாட்டு இல்ல மாமா, டிரைவர். டிரைவர் இல்லாத பஸ்ஸை எங்க கொண்டு போவீங்க?"

"டெப்போவுக்கு. அங்கதான் எனக்கு வேலை."

மறுநாள் மாலையே மெக்கானிக் ஒரு லேப்டாப்பைத் தோளில் சுமந்து வந்தார். டெப்போ நண்பர் ஒருவருடையது. பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பிவிடலாம் என்று பேச்சு. மேஜைமேல் வைத்தபோது மேஜை முனகியது.

"பிராசஸரைப் பாரு, ராமைப் பாரு. மூடியைத் தட்டிப் பாரு. என்ன கனம்! மாடியில இருந்து போட்டாலும் தரைதான் உடையும்."

பொத்தானை அழுத்தினார். உள்ளே விசிறி, மலையேறும் பஸ் மாதிரி உறுமியது. திரையில் இலவச சிஸ்டம் ஒன்று பளிச்சென்று வந்தது. நண்பர் தன் கையாலேயே ஏற்றிக் கொடுத்ததாம். கொடியக்காவுக்கு மார்பு நிமிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தாள்.

தம்பி டிசைன் சாஃப்ட்வேரை ஏற்றிப் பார்த்தான். ஏறவில்லை. மறுபடி பார்த்தான்.

"இந்த சிஸ்டத்துல இது ஓடாது. நான்தான் சொன்னேனே."

"அப்ப அந்த சாஃப்ட்வேர்தான் சரியில்லை" என்றார் மெக்கானிக்.

புதன்கிழமை தம்பி இன்னொரு லேப்டாப்பைக் கொண்டுவந்தான். சென்டரில் விலைக்குப் போட்டிருந்தது. தட்டு மாதிரி மெலிசு. சரியான சிஸ்டம், சாஃப்ட்வேர் எல்லாம் உள்ளேயே இருந்தன.

"ஒரு கையால தூக்கலாம் அக்கா."

"தூக்கலாம். ஆனா வேலை பாக்காது. உன்னை மாதிரியே" என்றார் மாமா.

அவர் வாய்முகூர்த்தம் பலித்துவிட்டது. கொடியக்கா சாஃப்ட்வேரைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்த் துணியை அலசிக் காயப்போட்டு வந்தாள். பாதி திறந்திருந்தது. ஒரு இலை போட்டாள். இலை வருவதற்குள் வீட்டைப் பெருக்கினாள். இலை வந்தது, காம்பு வரவில்லை. காம்புக்காகக் காத்திருந்தால் வீட்டில் பெருக்க வேறு இடம் இல்லை.

"ராம் பத்தலை" என்று ஒப்புக்கொண்டான் தம்பி.

"சிஸ்டம் சிஸ்டம்னு குதிச்சியே? இது உடம்பு இல்லாத உயிர். பேய்டா இது!"

"உங்களுது உயிர் இல்லாத உடம்பு. அதுக்கும் ஒரு பேர் இருக்கு மாமா, வீட்டுக்குள்ள வெச்சு சொல்லக் கூடாது."

கொடியக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "கனமானதுலயே தம்பியோட சிஸ்டத்தைப் போட்டுடலாம் இல்ல? வேலை முடிஞ்சுது."

மூன்று நாளில் பேசியதிலேயே புத்தியுள்ள பேச்சு அதுதான். மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. "நண்பர் பாசமாப் போட்டுக் கொடுத்ததை அழிக்கறதா? டெப்போவுல என் மரியாதை என்ன ஆகும்?"

கடைசியில் தம்பி ஒரு வழி சொன்னான். ஒரே லேப்டாப்புக்குள் நடுவில் சுவர் எழுப்புவது. ஒரு பக்கம் மாமாவின் சிஸ்டம், மறு பக்கம் இவனுடையது. சாமான் பொது, குடித்தனம் தனித்தனி. திறக்கும்போது எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று லேப்டாப்பே கேட்கும். பதில் சொல்லாமல் இருந்தால் பட்டியலில் முதலில் இருக்கும் வீட்டுக்குள் அதுவாகவே போய்விடும்.

மெலிசு லேப்டாப் சென்டருக்குத் திரும்பிப் போனது. வியாழக்கிழமை சுவர் எழும்பியது. பட்டியலில் தன் பெயரை முதலில் வைத்தான் தம்பி. வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் மாமாவின் பெயர் முதலில் இருந்தது. நண்பரிடம் போனில் கேட்டு மாற்றியிருந்தார். சாயங்காலம் மறுபடி தம்பி. கொடியக்கா எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே நாலு பூ போட்டாள். அடுத்த தடவை திறந்தபோது பூக்களைக் காணவில்லை. அவை சுவருக்கு அந்தப் பக்கம் பூத்திருந்தன.

ஆனாலும் அவளுக்குக் கர்வம் குறையவில்லை. பட்டறையில் சாப்பிடும்போது, "எங்க வீட்டு லேப்டாப்புல ரெண்டு சிஸ்டம்" என்றாள். வழக்கமாக இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவள் அவள். எல்லோரும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் பார்த்தார்கள்.

"ரெண்டா?" என்றாள் மெஷின் ஓட்டுகிற பெண். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முதலாளி உள்ளே வந்துவிட்டார்.

சனிக்கிழமை, சாஃப்ட்வேருக்கு இடம் போதவில்லை என்று தம்பி சுவரை மாமா பக்கமாகக் கொஞ்சம் தள்ளினான். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அதைக் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் வரப்பை நகர்த்த விட்டதில்லை என்று சொல்லி, தம்பி வெளியே போன நேரத்தில் சுவரைத் திரும்பத் தம்பி பக்கம் தள்ளினார். ஒரு ஞாயத்துக்காக இரண்டு விரற்கடை கூடுதலாகவும் தள்ளினார். திரை ஏதோ ஆங்கிலத்தில் கேட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றே அழுத்தினார்.

"நம்ம கிட்ட ஒளிக்க என்ன இருக்கு?" என்றார்.

திங்கட்கிழமை மூவரும் பட்டறைக்குப் போனார்கள். லேப்டாப்பைச் சுமக்க ஒரு ஆள், திறக்க ஒரு ஆள். கொடியக்கா இஸ்திரி போட்ட புடவையில் முன்னால் நடந்தாள்.

மேஜைமேல் வைத்தார்கள். முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு நின்றார். முகத்தில் களையே இல்லை. "ம்ம், காட்டும்மா."

அவள் பொத்தானை அழுத்தினாள். பஸ் உறுமியது. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி ஆங்கிலம் வந்தது. அவ்வளவுதான். இந்த வீடும் இல்லை, அந்த வீடும் இல்லை. சுவர் சரிந்ததில் இரண்டும் மண்ணாகியிருந்தன.

"ஹார்டுவேர் கோளாறு" என்று வாசல் பக்கம் ஒதுங்கித் தம்பி முணுமுணுத்தான்.

"சிஸ்டம் கோளாறு. என் இரும்புக்கு ஒண்ணும் ஆகலை" என்று மாமா பல்லைக் கடித்தார்.

கொடியக்கா மூடியைச் சாத்தினாள். காது மடல் கொதித்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு வாரமாக இரண்டு பேரும் இழுத்த இழுப்பில் அவளுக்குள் இருந்த பயம் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது போலிருந்தது.

"சார், நான் சொன்னது பொய். எங்க வீட்டுல லேப்டாப் கிடையாது. எனக்கு அது வரவும் வராது. ஆனா எனக்கு வரைய வரும்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெட்டுமேஜையில் விரித்திருந்த கறுப்புத் துணிக்குப் போனாள். சாக்கட்டியை எடுத்தாள். கழுத்து விளிம்பில் ஒரு கோடு கிளம்பியது. தோளில் ஏறி, கை கிளம்பும் இடத்தில் ஒரு சுருள் போட்டு, முதுகில் நாலு இலையாக இறங்கியது. எங்கேயும் கை எடுக்கவில்லை, எங்கேயும் அழிக்கவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடைசிப் பூவை வேண்டுமென்றே மெதுவாக முடித்தாள், இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகமே வேறாக இருந்தது.

"வராதா? நிஜமாவே லேப்டாப் வராதா?"

"வராது சார்."

"இப்பவே போய் அந்த நாற்காலியில உக்காரும்மா!" என்று சொல்லிவிட்டு, புது வரைதாள் எடுத்துவர அவரே ஓடினார்.

மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வாசற்படியில் வழக்கு முடியவில்லை.

"எங்க அக்கா திறமைசாலி, அதனால தப்பிச்சோம்" என்றான் தம்பி. "லேப்டாப் மட்டும் ஓடியிருந்தா இன்னும் கௌரவமாக் கிடைச்சிருக்கும். எல்லாம் உங்களாலதான்."

"சுவரை முதல்ல தள்ளினது யாரு? கெடுத்தது நீ!"

நூல்கண்டு எடுக்க அந்தப் பக்கம் வந்த மெஷின் ஓட்டுகிற பெண் நின்றாள்.

"ஓடியிருந்தா அக்காவையும் வாசலோட அனுப்பியிருப்பார். முன்னாடி இருந்தவர் நம்ம டிசைனையெல்லாம் லேப்டாப்புல ஏத்திட்டுப் போய் எதிர்க் கடையில விக்கறாரு. நல்லா வரையறவங்க நாலு பேர் வந்தாங்க, கையில லேப்டாப்பைப் பாத்ததும் வேணாம்னுட்டார். லேப்டாப்பே இல்லாத ஆளைத்தான் சார் ஒரு மாசமாத் தேடறார்."



மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "மச்சான், ஞாயித்துக்கிழமை எல்லாத்துக்கும் 'ஆமாம்' போட்டது யாரு? நான். அப்ப கெடுத்தது நான்தான்."

"அது எப்படி மாமா? சனிக்கிழமையே நான் தள்ளியாச்சு. கெடுத்தது நான்!"

"நீ தள்ளினதுக்கப்புறமும் அது ஓடுச்சுடா! அதைச் சுத்தமா அடக்கம் பண்ணினது நான்!"

கொடியக்கா இருவரையும் பார்த்தாள். மேஜைமேல் இருந்த லேப்டாப்பை எடுத்துவந்து இருவர் கையிலும் சேர்த்து வைத்தாள். பிறகு உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.