முந்நூறு பேருக்கு நாலு தோரணம்

குருத்தோலை ஞாயிறுக்குக் கோயிலுக்கு ஓலை ஏற்பாடு பண்ண வேண்டும். அம்புட்டுத்தான் வேலை.

வருஷாவருஷம் அதைப் பார்ப்பவர், சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் எங்கள் உபதேசியார். அந்த வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து, காலில் கட்டுப் போட்டுப் படுத்துவிட்டார். அது எண்பத்தெட்டாம் வருஷமோ எண்பத்தொன்பதோ, சரியாக ஞாபகமில்லை. ராஜபாளையத்தில் எங்கள் கோயிலில் பூசை முடிந்ததும் சாமியார் கேட்டார், "ஓலைக்கு யார் பொறுப்பு எடுக்கிறீங்க?"

நான் கையைத் தூக்கினேன்.

மாதா சபைத் தலைவி ரோசம்மா என் பக்கம் குனிந்து, "ஏட்டி, ஒனக்குத் தென்னந்தோப்பு இருக்கா?" என்றாள்.

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல சுப்பம்மாக்காவுக்கு இருக்குல்லா. கேட்டா குடுப்பாக."

"முந்நூறு பேரு வருவாக. எல்லாரையும் வெறுங்கையோட நிக்க வச்சிராத."

"நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். இந்த வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் எனக்குத் தைரியம் எங்கிருந்துதான் வருமோ தெரியாது.

சுப்பம்மாக்கா வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். வியாழக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

"குருத்தோலைதான? எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கோ. என்ன விசேஷம்?"

அங்கேதான் கெட்டேன். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த வாய். வேதக் கதையைத் தொடங்கினால் அது நிற்காது.

"யேசுசாமி எருசலேம் ஊருக்குள்ள வாராருக்கா. ராசான்னா குதிரையிலதான வரணும்? இவரு தாழ்மையா கழுதையில வாராரு. சனமெல்லாம் போட்டிருந்த துணியை வழியில விரிக்குது. மரக்கிளையை வெட்டிப் பரப்புது. ஓசன்னான்னு சத்தம் போடுது. அதே சனம் அஞ்சு நாள்ல அவரைச் சிலுவையில அறையச் சொல்லுது."

சுப்பம்மாக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் உற்சாகம். செத்த நேரம் என்று உட்கார்ந்தவள் பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் போய்த்தான் நிறுத்தினேன்.

"ஞாயித்துக்கிழமை நாங்களும் ஊர்வலம் போவோம்க்கா. முந்நூறு பேரு."

"நீ அலைய வேண்டாம். நானே காலையில கொண்டாந்து எறக்குதேன்."

பஸ்ஸில் திரும்பும்போது கடவுளுக்கு நன்றி சொன்னேன். பாதி நன்றியை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு காலை கோயில் வாசலில் கூட்டம் நிற்கிறது. டிராக்டர் வந்தது. முன்னால் பட்டுச்சேலையில் சுப்பம்மாக்கா. பின்னால் தார்ப்பாய் போட்ட சுமை. ரோசம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எறக்குங்க" என்றேன்.

தார்ப்பாயை விலக்கினார்கள்.

முழு ஓலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் தோரணம். கீறி, மடித்து, பின்னி, கிளி கிளியாகச் செய்து, நாலு நீளக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"ராசா ஊருக்குள்ள வாராருன்னு சொன்னியே, ஓலையை வெட்டி அப்படியேவா குடுக்கது?" என்றார் சுப்பம்மாக்கா. "வீட்டுல எட்டுப் பேரு ரெண்டு நாளா ஒக்காந்து பின்னுனோம். தெரு முனையில இருந்து கோயில் வாசல் வரைக்கும் கட்டலாம்." ஓலை கிழித்த கீறல் அவர் விரலெல்லாம் இருந்தது.

ரோசம்மா என் காதோரம் வந்தாள். "இதைக் கையில பிடிக்கவா, இடுப்புல கட்டவா?"

சாமியார் சிவப்பு உடையில் வெளியே வந்தார். தோரணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆளுக்கு ஒரு ஓலை கையில பிடிக்கணும்னு அவங்ககிட்ட சொன்னீங்களாம்மா?"

யோசித்தேன். கழுதை சொன்னேன். துணி விரித்தது சொன்னேன். சிலுவை, கல்லறை, உயிர்ப்பு, எல்லாம் சொன்னேன்.

"அது மட்டும் விட்டுப்போச்சு சாமி."

யாரோ அரிவாள்மணை எடுத்து வந்தார்கள், துண்டு துண்டாக அறுத்துக் கொடுக்கலாம் என்று. சாமியார் சுப்பம்மாக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அறுக்க வேண்டாம். அப்படியே பிடிச்சு நடங்க" என்றார்.

நடந்தோம். கயிற்றுக்கு எழுபது, எண்பது பேர். முன்னால் இருப்பவர் வேகமாகப் போனால் பின்னால் இருப்பவர் ஓட வேண்டும். ஒருவர் செருப்பை மாட்ட நின்றால் ஒரு வரிசையே நிற்கும். முக்குத் திரும்பும்போது ரெண்டு கயிறு பின்னிக்கொண்டு, பாடகர் குழு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தது.

டீக்கடையில் ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கேட்டார், "ஏலே, வடம் போகுது, தேரைக் காணோமே?"

ஓசன்னா பாதியில் சிரிப்பாகப் போனது. சிரிக்காமல் பாடியது முதல் கயிற்றின் முன்னால் பிடித்திருந்த சுப்பம்மாக்கா மட்டும்தான். அதுவும் எங்களைவிடச் சத்தமாக.

பூசை முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு பிய்த்துக்கொண்டு போய் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்கள். யாருக்கும் குறையில்லை.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. அந்த ஓலையை வருஷம் முழுக்க வைத்திருந்து, அடுத்த தவக்காலத்துக்கு முன்னால் கோயிலில் கொடுப்போம். அதை எரித்துத்தான் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசுவார்கள். மனுஷனின் பெருமையெல்லாம் இம்புட்டுத்தான் என்று காட்டுவதற்கு.

மறுவருஷம் சாமியார் எல்லாருக்கும் விரல் நுனியால் சின்னதாக ஒரு சிலுவை போட்டார். எனக்கு மட்டும் நெற்றி நிறையப் பூசினார்.