அருவிக்கரைச் சங்கு அப்பீல்

உலகத்தில் நீதி எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், குற்றாலத்தில் இருக்கிறது, அதுவும் சாரல் சமயத்தில் ஈரத்துண்டோடு இருக்கிறது என்று சொல்வேன். அருவிக்கரை சௌகரியக் கமிட்டியின் தலைமைக் குமாஸ்தா தாணுமாலயனாகிய நான் சொன்னால் நீங்கள் நம்பத்தான் வேண்டும். 1958-ம் வருஷத்துச் சங்கு அப்பீலைப் போல நேர்மையான, நிதானமான, எண்ணெய் தேய்த்துக் குளித்த விசாரணை வேறெந்த தேசத்திலும் நடந்திருக்காது.

விஷயம் இதுதான். முந்தின வருஷம் மலையில் மழை கொட்டி, அருவியில் திடீர் வெள்ளம் வந்து குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேரை அடித்துக்கொண்டு போய்விட்டது. இனிமேல் மேலே நிற்கும் காவல்காரன் வெள்ளத்தைப் பார்த்துக் கொடி காட்டுவது, கீழே கமிட்டி ஆபீசில் அபாயச் சங்கு ஊதுவது, ஜனங்கள் ஓடி வந்துவிடுவது என்று சர்க்கார் திட்டம் போட்டது. சங்கு வாங்க டெண்டர் விட்டோம்.

இரண்டு பேர் டெண்டர் போட்டார்கள். ஒருவர் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட் தில்லைநாயகம். அவர் எங்கள் கமிட்டித் தலைவர் மேலகரம் முத்துக்குமாரசாமி அவர்களின் மாப்பிள்ளை என்பது தற்செயல். மாப்பிள்ளை என்று இருந்தால் யாருக்காவது மாப்பிள்ளையாக இருந்துதானே தீர வேண்டும்! மற்றவர் தென்காசி இரும்புக்கடை மூசா. கையால் சுற்றுகிற சங்கு ஒன்றை அவரே செய்து கொண்டுவந்திருந்தார். வெள்ளத்தில் போன இருவரில் ஒருவன் அவருடைய தம்பி மசூது.

சங்குகளைப் பங்குனி மாதத்தில் பரீட்சை செய்தோம். சாரல் காலத்தில் செய்ய முடியாது. உறுப்பினர்கள் எல்லோரும் அருவிக்குள் இருப்பார்கள், கூட்டத்துக்கு ஆள் சேராது. பங்குனியில் அருவி பாறையில் வியர்த்த மாதிரி கசிந்துகொண்டிருந்தது. தில்லைநாயகத்தின் மின்சாரச் சங்கு நாகஸ்வரக்காரர் சுருதி பார்ப்பது போல இதமாக ஊதியது. தலைவர் கண்ணை மூடித் தலையசைத்தார். பிறகு மூசா தன் சங்கைச் சுற்றினார். குரங்குகள் மலையேறி ஓடின. தலைவர் கையிலிருந்த வெற்றிலைச் செல்லம் கீழே விழுந்தது.

முதல் சங்கு 'செவிக்கு இனியது', இரண்டாவது 'தேவைக்கு மேற்பட்ட சத்தமுள்ளது' என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தைக் கேட்டதும் மூசா என் மேஜைக்கு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, சங்கு என்னத்துக்கு? ஆளை எழுப்பவா, தாலாட்டவா?"

"கோவப்படாதீய பாய். கமிட்டி முடிவு."

"தண்ணி இல்லாத அருவியில ஊதுனா ஈ பறக்க சத்தங்கூடத்தான் கேக்கும். ஆடியில வந்து ஊதிப் பாருங்க."

"அருவியில தண்ணி இருக்கணும்னு டெண்டர் நிபந்தனையில எங்கன போட்டிருக்கு?"

"என் தம்பி தண்ணியிலதான் போனான் அண்ணாச்சி. டெண்டர்ல போகல," என்றார் மூசா. மறுநாளே மெட்ராசுக்கு அப்பீல் போட்டுவிட்டார்.

அப்பீலை விசாரிக்க ஸ்ரீ நாறும்பூநாதன் நியமிக்கப்பட்டார். கடமையே உருவான அந்த ஆபீசர் விசாரணையை ஆடியில் வைத்துக்கொண்டார். ஆடி பிறந்தால் மெட்ராசில் உள்ள ஆபீசர்களுக்கெல்லாம் குற்றாலத்தில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும், நாட்டுப்பற்று அப்படி! மனைவி, மாமியார், மூன்று மைத்துனர்கள் சகிதம் பங்களாவில் இறங்கினார். தினமும் காலையில் எண்ணெய் தேய்த்து அருவிக்குப் போவார். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு மூளைக்கு வேலை கொடுப்பது உடம்புக்கு ஆகாது என்பதால் விசாரணைக்கு வாய்தா போடுவார்.

மூசா விடவில்லை. "ஐயா, எப்பிடியும் அருவியிலதானே நிக்கிய? அங்கன நின்னே கேட்டுப் பாருங்களேன்" என்றார். ஆபீசருக்கு யோசனை பிடித்துப்போயிற்று. "சங்கு கேட்டதும் நான் கையைத் தூக்குதேன்" என்று சொல்லிவிட்டு அருவிக்குள் தலையைக் கொடுத்தார்.

முதலில் கமிட்டிச் சங்கு ஊதியது. மோட்டார் சூடாகும்வரை ஊதியது. ஆபீசர் கண்ணை மூடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கை மேலே வரவில்லை.

"ஐயா ரசிச்சுக் கேக்கறாங்க," என்றார் தில்லைநாயகம்.

அடுத்து மூசா சுற்றினார். அவ்வளவுதான்! அருவிக்குள் இருந்த அத்தனை பேரும் அலறிப் புடைத்துக்கொண்டு வெளியே கொட்டினார்கள். "யாத்தாடி, வெள்ளம்!" என்று கைப்பிள்ளையோடு ஓடி வந்தாள் எண்ணெய் விற்கும் மாரித்தாய். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தவர் ஆபீசர். அவருடைய வேட்டி மட்டும் தண்ணீரோடு போயிற்று.

மூசா முகமெல்லாம் சிரிப்பாக, "கேட்டுச்சா ஐயா?" என்றார்.

"கேட்டதுதான்யா குத்தம்!" என்று கத்தினார் ஆபீசர்.

தீர்ப்பை நான்தான் நகல் எடுத்தேன். என்ன தெளிவு! 'முதல் சங்கு ஊதியபோது பொது அமைதிக்கு எவ்விதப் பங்கமும் ஏற்படவில்லை. இரண்டாவது சங்கால் மக்கள் பீதியடைந்து குளிப்பதை நிறுத்தினர். ஒரு வேட்டி நஷ்டம். அப்பீல் தள்ளுபடி.' கலகம் விளைவிக்கும் கருவி என்று மூசாவின் சங்கும் பறிமுதல் ஆயிற்று. அதை எங்கள் ஆபீஸ் அறையில் பூட்டி வைத்தோம். ஆபீசர் கையெழுத்து இல்லாமல் திறக்கக்கூடாது என்று உத்தரவு.

தீர்ப்புச் சொன்ன களைப்புத் தீர ஆபீசர் இன்னும் சில நாள் தங்கினார். ஒரு காலை, சங்கைத் திருப்பித் தரும்படி மூசா என்னிடம் மன்றாடிக்கொண்டிருந்தபோது மேலே கொடி ஆடியது. உடனே எங்கள் சங்கை விதிப்படி ஊதினோம். அருவிக்கரையில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணாச்சி! சாவியக் குடுங்க!"

"ஆபீசர் கையெழுத்து வேணும் பாய்."

"ஆபீசர் எங்க?"

"அருவிக்குள்ள."

மூசா வாசலில் கிடந்த பாறாங்கல்லை எடுத்தார். பூட்டு தெறித்தது. சங்கை வெளியே இழுத்துப் போட்டு, தோள் கழன்றுவிடும்போலச் சுற்றினார். ஜனங்கள் விழுந்தடித்து ஓடி வந்தார்கள். கடைசிக் கால் கரையேறியதும் செம்மண் நிறத்தில் வெள்ளம் மரத்தடிகளோடு இறங்கியது.

மாரித்தாய் பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மூசாவின் கையைப் பிடித்தாள். "மவராசா, நீ நல்லா இருக்கணும்யா!" மூசா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மசூதுக்கு இத ஊத ஆளில்லாமப் போச்சே தாயி," என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆபீசர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "பூட்டை உடைச்சது யாரு?" என்றார்.

சர்க்கார் சொத்தைச் சேதப்படுத்தியதாக மூசா மேல் வழக்குப் போட்டாயிற்று. கமிட்டிச் சங்கின் இனிய நாதம் கேட்டுப் பொதுமக்கள் ஒழுங்காகக் கரையேறினார்கள் என்று அறிக்கை போயிற்று. முதல் சாட்சி ஆபீசரே. மெட்ராஸ் கம்பெனிக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் அதே சங்கை வாங்க உத்தரவாகியிருக்கிறது. மூசா அங்கேயும் வந்து பூட்டை உடைத்துவிடக் கூடாதல்லவா? சாரல் காலத்தில் அவர் குற்றாலத்துக்குள் கால் வைக்கவே தடை.

ஆகவே மகா ஜனங்களே, தைரியமாகக் குளிக்க வாருங்கள். வெள்ளம் வந்தால் கட்டாயம் சங்கு ஊதுவோம். உங்களுக்குக் கேட்காது. அதனால் என்ன, கேட்டது என்று நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.