கட்டம் தாண்டிய பல்வைத்தியர்

செயலாளர் கதவைத் திறந்தபோது பல்வைத்தியர் நின்றிருந்தார். கழுத்தில் துண்டு, காலில் புத்தம்புதுக் காலணி, கையில் ஒரு தாள்.

“சார், செவ்வாய்க்கிழமை காலையில யாரு ஓடணும்?”

“நீங்கதான் டாக்டர். பட்டியல்ல போட்டிருக்கேனே.”

“என் கம்ப்யூட்டர்ல நான் கோட்டு மேல உக்காந்திருக்கேன். பாதி செவ்வாய், பாதி புதன்.”

செயலாளர் தாளை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். ‘பல்’ செவ்வாயிலும் ‘வைத்தியர்’ புதனிலும் இருந்தன.

“என் கம்ப்யூட்டர்ல சரியா இருக்கே.”

“உங்க கம்ப்யூட்டரைப் பாத்தா நான் ஓடறேன்? பரவால்ல, இன்னிக்கு விட்டுடறேன். எதுக்கு வீண் தகராறு?”

அவர் படியிறங்கிய வேகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. செயலாளர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்.

குடியிருப்புக்குப் பொதுவாக ஒரு டிரெட்மில் வாங்கி மொட்டைமாடி அறையில் வைத்த நாளிலிருந்தே இந்தத் தொல்லை. அதுவரை யாருக்கும் ஓடத் தோன்றியதில்லை. இயந்திரம் வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருந்தது. முறை வைத்துப் பட்டியல் போடுவதாகச் செயலாளர் ஏற்றுக்கொண்டார்.

ஒரு கவிதையை அடுக்குவதுபோல அதை அடுக்கினார். எழுத்துகளுக்குக் கொடிபோல வால் சுருளும் ஓர் எழுத்துருவைத் தேடிப் பிடித்தார். பெயர்களை இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டியே கிழமைக்கு நேராக நகர்த்தினார். கடைசியில் கோடுகளைத் தனியாக வரைந்து மேலே வைத்தார். கணினியிலேயே அட்டவணை போட வழியிருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் தன் விரலைத்தான் நம்பினார்.

அலுவலகத்தில் அவர் ‘மூணாவது மேஜை’. வீட்டில் ‘என்னங்க’. உலகத்திலேயே இந்த ஒரு கட்டடத்தில்தான் அவர் செயலாளர். கதவில் அப்படி ஒரு பித்தளைப் பலகை இருந்தது. தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் பல் துலக்குவார். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுதேர்தல். எதிரே நிற்பவர் மூன்றாம் மாடி வங்கிக்காரர். போன முறை ஒரே ஓட்டில் தோற்றவர். அந்த ஓட்டு தன் மனைவியுடையது என்ற சந்தேகம் வங்கிக்காரருக்கு இன்னும் இருந்தது.

மதியம் பாட்டு டீச்சர் போன் செய்தார்.

“செயலாளர் சார், நீங்க அனுப்பினது எனக்குக் கட்டம் கட்டமாத்தான் தெரியுது. ஒரு எழுத்துகூட இல்ல. குறுக்கெழுத்துப் போட்டியா?”

“உங்க மிஷின்ல அந்த எழுத்து இல்ல மேடம். அதான்.”

“அப்ப இந்த வாரமும் நான் ஓட முடியாது?”

“முடியும் மேடம், நான் சரி பண்றேன்…”

“பரவால்ல சார். அவசரமே இல்ல.”

செயலாளருக்கு வழி புலப்பட்டது. எழுத்துருவையே எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் பட்டியல் எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும். அனுப்பினார். நிறுவும் முறையையும் விளக்கமாக எழுதினார். வங்கிக்காரர் அதைத் தன் மடிக்கணினியில் ஏற்றி, கேட்ட கேள்விக்கெல்லாம் ‘சரி’ என்று அழுத்தினார்.

மறுநாள் மாலை வங்கிக்காரர் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“யோவ் செயலாளரே, என்னய்யா அனுப்பின?”

“பட்டியல் சரியா தெரியுதா?”

“பட்டியலா? எது எழுதினாலும் கொடி கொடியா வருது! ஒருத்தருக்குக் கடன் தர முடியாதுன்னு லெட்டர் அனுப்பினேன். அந்த ஆளு பெட்டி நிறைய இனிப்பு வாங்கிட்டு வந்து நிக்கறான். படிக்கவே இல்லையாம். பாத்ததும் நல்ல சேதின்னு நெனச்சிட்டானாம்.”

“இனிப்பு வாங்கிக்கிட்டீங்களா?”

“அது வேற விஷயம்!”

வாசலில் இன்னொருவர் நின்றிருந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர். கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது.

“சார், மாடியில ஒரு சின்ன விஷயம்…”

“இருப்பா, அப்புறம் பேசலாம்.”

அன்று கொடி எழுத்துருவைத் துறந்தார் செயலாளர். பிரிவு வலித்தது. எல்லாக் கணினியிலும் இருக்கும் சாதாரண எழுத்துக்கு மாற்றி, பெரிய தாளில் பரவும்படி அகலமாக்கி மீண்டும் அனுப்பினார். பல்வைத்தியரின் மருத்துவமனையில் இருந்ததோ காலத்தால் மறக்கப்பட்ட ஒரு கணினி. அகலத் தாளை அது முன்பின் கண்டதில்லை. வரிசையாக வந்த இடைவெளிகள் அதற்கு வீண் செலவாகத் தோன்றியிருக்க வேண்டும். எல்லாவற்றையும் சுருக்கி ஒன்றாக்கிவிட்டது. பிறகு தானாகவே அச்சிட ஆரம்பித்தது, தாளுக்கு ஒரு சொல்லாக.

“நாற்காலியில ஒரு அம்மா வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருக்காங்க,” என்றார் பல்வைத்தியர் போனில். “பிரிண்டர் நிக்கவே மாட்டேங்குது. ஒரு தாள் பறந்து அவங்க மடியில விழுந்துச்சு. அதுல ‘வியாழன்’னு மட்டும் போட்டிருக்கு. பல்லு புடுங்கறது வியாழக்கிழமைதான்னு நெனச்சு, வாயை மூடிட்டு எழுந்து போயிட்டாங்க சார்.”

“மன்னிச்சிடுங்க டாக்டர்.”

“எனக்கு எப்படித் தெரியுதுன்னு அந்த ஃபைலையே திருப்பி அனுப்பியிருக்கேன். நீங்களே பாத்துக்குங்க.”

செயலாளர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னார்.

“என்னங்க, அதை பிடிஎஃப் ஆக்கி அனுப்பக் கூடாதா? எங்க ஆபீஸ்ல அப்படித்தான் அனுப்புவோம். எங்க தொறந்தாலும் அச்சு அசலா அப்படியே நிக்கும். யாரும் கலைக்கவும் முடியாது.”

“இதை ஏன் முதல்லயே சொல்லல?”

“நீங்க கேக்கலையே. ஆமா, நீங்க ஓடப்போறப்ப பேப்பரை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க?”

“வேர்வை துடைக்க.”

மனைவி அடுத்த சட்டையை எடுத்தார். போன முறை அது நெஞ்சில் மட்டும் நனைந்து, அக்குளில் காய்ந்து வந்திருந்தது. அதையும் மடித்து வைத்தார்.

செயலாளர் உற்சாகமாகக் கணினிக்கு ஓடினார். அன்று அவர் ஓடியது அந்த ஓட்டம் மட்டும்தான். வந்த ஃபைல்களில் மேலே இருந்ததைத் திறக்காமலே பிடிஎஃப் ஆக்கி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். படுக்கையில் விழுந்தபோது, தூரதேசத்துத் துறைமுகம் ஒன்றில் கப்பல்களெல்லாம் அதனதன் கட்டத்தில் ஒழுங்காக நிற்பதுபோலக் கனவு வந்தது.

மேலே இருந்தது பல்வைத்தியர் திருப்பி அனுப்பிய ஃபைல். அதில் எல்லோரும் செவ்வாய்க்கிழமைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மற்ற கிழமைகள் பாலைவனமாகக் கிடந்தன.

மனைவி சொன்னது பொய்யில்லை. எல்லாக் கணினியிலும் அது அச்சு அசலாக அப்படியே நின்றது. குடியிருப்பு வரலாற்றில் முதல்முறையாக எல்லோரும் ஒரே விஷயத்தைப் பார்த்து, ஒரே கருத்துக்கு வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை செயலாளர் வீட்டுக் கூடம் நிரம்பியது. உட்கார இடமில்லாமல் பல்வைத்தியர் துணி தேய்க்கும் பலகைமேல் சாய்ந்து நின்றார். எல்லோருமே விளையாட்டு உடையில் வந்திருந்தார்கள். உடைகள் புதிதாக, மடிப்புக் கலையாமல் இருந்தன.

“தயவுசெஞ்சு ஒரு தடவை என் கம்ப்யூட்டர்ல பாருங்க,” என்றார் செயலாளர். திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். அவர் முதலில் போட்ட பட்டியல்: கொடி எழுத்தில், நேர்க்கோட்டில், ஒவ்வொருவரும் அவரவர் கட்டத்தில் இருந்தார்கள். பாட்டு டீச்சர், “அழகாத்தான் இருக்கு” என்றார்.

“அழகு இங்க மட்டும்தானே இருக்கு?” என்றார் வங்கிக்காரர். “நாங்க தினம் இவர் வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போய் ஓடணுமா? இந்தக் குளறுபடியால எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்கு முன்னாடி ஓடறது யாருன்னே தெரியல. வேகத்தை ஏத்தி வெச்சிட்டுப் போயிடறாங்க. நான் ஏறின உடனே தூக்கி அடிக்குது!”

“வேகம்கூடப் பரவால்ல,” என்றார் பல்வைத்தியர். “கைப்பிடியெல்லாம் பிசுபிசுன்னு வேர்வை. துடைக்கறதே இல்ல.”

“சத்தம் வேற,” என்றார் பாட்டு டீச்சர். “நான் ஓடறப்ப பெல்ட் ஒரு பக்கமா சுருதி விலகிப் போகுது.”

செயலாளர் மனம் உருகினார். இத்தனை பேர் இவ்வளவு பாடுபட்டு ஓடியிருக்கிறார்கள். தன் பட்டியலால் அவர்களுக்கு எத்தனை இடைஞ்சல்!

“என் தப்புதான்,” என்றார். “நானும் தினமும் ஓடறவன். உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். நேத்துகூட ஓடிட்டு வந்து முட்டி வலி தாங்கல.”

மனைவி அவரைப் பார்த்தார்.

வாசலில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர்.

“சார், அந்த விஷயம்…”

“இருப்பா. ஓட்டெடுப்பு நடக்கப் போகுது.”

வங்கிக்காரர் எழுந்து நின்றார். “நான் வந்தா இந்தக் கம்ப்யூட்டர் வேலையே கிடையாது. ஒரே அட்டை. கையால எழுதி டிரெட்மில் ரூம் கதவுல ஒட்டிடுவேன். எங்க இருந்து பாத்தாலும் ஒரே மாதிரி தெரியும். யாரு யாரு என் பக்கம்?”

கைகள் உயர்ந்தன. பல்வைத்தியர். பாட்டு டீச்சர். இரண்டாம் மாடி முழுவதும். வங்கிக்காரரின் மனைவி இம்முறை கையைப் பாதி தூக்கி யோசித்தார். செயலாளரின் பார்வை திறந்திருந்த கதவில் இருந்த பித்தளைப் பலகைக்குப் போனது. அதைக் கழற்ற எந்தத் திருப்புளி தேவைப்படும் என்று அவர் மனம் தானாகவே யோசித்தது.

“கதவுல அட்டை ஒட்டப் போறீங்களா?” என்று பதறிக்கொண்டு உள்ளே வந்தார் தொட்டி கழுவுகிறவர். “நாலு நாளா இதைச் சொல்லத்தான் சார் அலையறேன்: அந்த ரூம்ல இன்னும் பிரிக்காம கெடக்கே ஓடற மிஷின் பெட்டி, அதுமேல புறா குஞ்சு பொரிச்சிருக்கு, பறக்கற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போயிடாதீங்க.”