உத்தரவு கொடுக்காத கிடா

அசைவன அனைத்தையும் தான் அசையாதிருந்து அசைவிக்கும் அன்னையின் திருவடிகளை வணங்கிக் கதைக்குள் புகுவோம்.

ஒரு காட்டில் காளி கோயில் ஒன்று இருந்தது. அதற்குப் பூசாரி ஒரு புலி. ஆண்டுதோறும் அங்கே கிடா வெட்டு உண்டு. அது அநியாயமாக நடந்துவிடக் கூடாது என்பதில் காடே கவனமாக இருந்தது. கிடாவின் தலையில் மஞ்சள் நீர் தெளிப்பார்கள். அது சிலிர்த்தால் தேவி உத்தரவு கொடுத்துவிட்டாள், கிடாவும் மனமுவந்து சம்மதித்துவிட்டது என்று பொருள். சிலிர்க்காத கிடாவை வெட்டக் கூடாது. அப்படியொரு கிடா இதுவரை இருந்ததில்லை.

இவ்வாண்டு முறை செவலையன் என்னும் இளங்கிடாவுக்கு. சம்மதம் தன்னுடையதென்றால் மறுப்பும் தன்னுடையதுதானே என்று அது எண்ணியது. நான்கு காலையும் ஊன்றிக் கல்லாய் நின்றது.

புலி ஒரு சொம்பு தெளித்தது. பிறகு ஒரு குடத்தையே கவிழ்த்தது. முதுகுத் தோல் தானாகத் துடிக்கப் பார்த்தது. செவலையன் மூச்சைப் பிடித்து அதை அடக்கிக்கொண்டது.

விருந்து டோக்கனுடன் பந்தலில் காத்திருந்த ஓநாய், "தம்பி, கொஞ்சம் சிலிர்த்து விடப்பா. மசாலா அரைத்தாயிற்று" என்றது.

"அவ்வளவு அவசரமென்றால் நீரே வந்து சிலிர்த்துக்கொள்ளும், அண்ணே."

மைக்கைப் பிடித்திருந்த நரி, "பக்தகோடிகளே! கிடா நாத்திகம் பேசுகிறது!" என்று அறிவித்தது.

"இல்லை ஐயா. அவள் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்."

"உனக்கென்று ஒரு விருப்பமா, மூடனே? எல்லாம் அவள் செயல்!" என்று உறுமிய புலி, ஐஸ் தண்ணீர் கொண்டுவரச் சொன்னது.

அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பந்தலுக்கு வெளியே நின்ற புலி, மூக்கு முதல் வால் நுனி வரை சடசடவென்று சிலிர்த்தது.

காடு வாய் பிளந்தது. அரிவாள் ஏந்திய கரடி சம்பிரதாயத்தில் இம்மியும் வழுவாதது; அது புலியின் கழுத்தைக் கண்ணால் அளந்தது.

"அட, இது வெறும் குளிரப்பா!" என்று புலி பதறியது.

"போன ஆண்டு எங்கள் அப்பா சிலிர்த்தாரே, பூசாரி ஐயா, அது?" என்றது செவலையன்.

புலி உடனே கண்ணை மூடிச் சாமியாடியது. "தேவி பேசுகிறேன்! இனி எனக்குச் சர்க்கரைப் பொங்கல் போதும்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கட்டவிழ்ந்த செவலையன் மழையில் தலை நிமிர்த்திக் கேட்டது: "தாயே, நீ இருக்கிறாய் போலிருக்கிறது. போன ஆண்டு எங்கே போயிருந்தாய்?"

மழை பெய்துகொண்டே இருந்தது. செவலையன் ஆசை தீரச் சிலிர்த்துக்கொண்டது.

நீதி: சிலிர்ப்பு தேவியின் உத்தரவா, வெறும் குளிரா என்பதை, நனைந்தவர் யார் என்று பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இக்கதை கேட்டோர் மனையும் மந்தையும் குறைவின்றி வாழ அன்னை திருவுளம் கொள்க.